ஜம்பர் கைராசி

"ஜம்பர் போட்டுப் பார்க்கத் தெரியாதவன் லிஃப்ட் மெக்கானிக்கே கிடையாது." தொழிலில் தலை நரைத்த ஒருவர் சமீபத்தில் இப்படி அடித்துச் சொன்னார். சுற்றி நின்ற இளவட்டங்களும் தலையாட்டின. அவர் பேச்சுக்கு ஒரு வாலும் இருந்தது: "இப்ப வர்ற பேனல்ல ஜம்பர் விட்டுப்போனா அதுவே கண்டுபிடிச்சு நிறுத்திரும். இனி என்ன பயம்?" செல்போனில் சுற்றும் வீடியோக்கள் சொல்வதும் இதேதான். பேனல் கதவைத் திறக்கிறார்கள், ஜம்பர் என்கிற ஒரு சாண் வயரை இரண்டு டெர்மினல்களில் சொருகுகிறார்கள், செத்துக் கிடந்த லிஃப்ட் கிளம்புகிறது. இளையரசனேந்தல், கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் இந்த வேலைக்குப் போகிற பையன்களில் பலர், தொழில் என்பதே இதுதான் என்ற நினைப்பில் ரயில் ஏறுகிறார்கள். ஊரில் இவர்களுக்குக் 'கைராசிக்காரன்' என்று பெயர் வேறு. இந்தக் கைராசியோடு எனக்கு நெடுநாள் தகராறு உண்டு.

ஜம்பருக்கு நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு மெக்கானிக்கின் தலையில் எத்தனையோ கட்டடங்களின் லிஃப்ட்டுகளைக் கட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் காத்திருக்கிறது, அடுக்ககத்தில் செயலாளர் போன் மேல் போன் போடுகிறார். வரிசையாகப் போகும் ஒரு சர்க்யூட்டில் அறுந்த இடம் எந்தப் பக்கம் என்று ஜம்பர் சட்டென்று காட்டிவிடும். இன்ஸ்பெக்‌ஷன் மோடில் வைத்து, கேபினில் ஆள் இல்லை என்று உறுதி செய்து, எல்லா மாடிக் கதவும் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தெரிந்த ஆள் செய்தால் அதுவும் ஒரு சோதனைதான். பேனல் காட்டும் எரர் கோடை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, போர்டையே கழற்றி மாற்றி, உரிமையாளர் தலையில் பில்லைக் கட்டும் பழக்கத்தைவிட ஜம்பர் எவ்வளவோ மேல். இதோடு என் சலுகை முடிந்தது.

லிஃப்ட்டின் கன்ட்ரோல் பேனலுக்குக் கண் கிடையாது. கதவு சாத்தியிருக்கிறதா, கேபின் எந்த மாடியில் நிற்கிறது, யாராவது பட்டனை அழுத்தினார்களா என்பதெல்லாம் அதற்கு வயர் வழியாகத்தான் தெரியவேண்டும். பட்டன், ரீட் சுவிட்ச், ஸ்லோ லிமிட் போன்றவை பெரும்பாலும் 24 வோல்ட் டிசியில் வந்து ஆப்டோகப்ளர் வழியாக போர்டுக்குள் நுழைகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன எல்இடி. சேஃப்டி சர்க்யூட் தனி ரகம். மாடிதோறும் டோர் லாக், கேபினின் கேட் சுவிட்ச், மேலும் கீழும் ஃபைனல் லிமிட், கவர்னர் சுவிட்ச், சேஃப்டி கியர் சுவிட்ச், பிட் ஸ்டாப், கார் டாப் ஸ்டாப் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். ஐந்து நிறுத்தம் உள்ள சாதாரண லிஃப்ட்டிலேயே பதினான்கு பதினாறு காண்டாக்ட்டுகள் வந்துவிடும். ஒன்று திறந்தாலும் மெயின் கான்டாக்டர் விழுந்து பிரேக் பிடிக்கும். நடுநடுவே இரண்டு மூன்று இடங்களில் கிளை எடுத்து போர்டுக்கு இன்புட்டாகக் கொடுத்திருப்பார்கள். 'டோர் லாக் ஓபன்' என்று டிஸ்ப்ளேயில் வருவது அந்தக் கிளையின் செய்திதான்.

இங்கே மெக்கானிக்கின் முன்னால் முதலில் நிற்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வந்த சிக்னல் பொய்யா, மெய்யா? கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தும் காண்டாக்ட் கறுத்துப்போய் 'திறந்திருக்கிறது' என்று சொல்கிறதா, அல்லது கதவு உண்மையிலேயே திறந்துவிட்டதா? ஜம்பர் போடுகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. வயரைச் சொருகும்போதே, சுவிட்ச்தான் பொய் சொல்கிறது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். லிஃப்ட் ஓடியதும் அந்தத் தீர்ப்பு உறுதியானதாகவே எடுத்துக்கொள்கிறார். மெய் சொன்ன சுவிட்சுக்கு ஜம்பர் போட்டாலும் லிஃப்ட் ஓடத்தான் செய்யும் என்பது அவருக்கு உறைப்பதில்லை.

கோவில்பட்டியில் ஒரு மருத்துவமனை லிஃப்ட். தரைத்தளத்திலிருந்து மூன்றாவது மாடிக்கு நோயாளியோடு போகையில், சில நேரம் இரண்டாவது மாடியைத் தாண்டும் இடத்தில் தூக்கிவாரிப் போட்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் தானாகவே கிளம்பும். டிஸ்ப்ளேயில் டோர் லாக் பிழை. வந்தவர்கள் இரண்டாவது மாடி லாக்கை ஷார்ட் பண்ணிப் பார்த்தார்கள், பிழை வரவில்லை. ஆக, லாக் காண்டாக்ட் போச்சு. புதுசு மாட்டினார்கள். சில நாள் கழித்துத் திரும்ப வந்தது. மறுபடியும் ஜம்பர், மறுபடியும் அதே மாடி, மறுபடியும் புது காண்டாக்ட். ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் எத்தனை முறை ஓட்டினாலும் பிழையே வராது.

கடைசியில் அதைப் பிடித்தவர் மீட்டரைக்கூடக் கையில் எடுக்கவில்லை. கார் டாப்பில் ஏறி, இன்ஸ்பெக்‌ஷனில் மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தார். கேபின் கதவோடு பொருத்தியிருக்கும் வேன் தகட்டின் ஓரத்தில் ஓரிடத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளத்தது. எதிரே இரண்டாவது மாடி லாக்கின் ரோலரிலும் அதற்கு நேராக ஒரு தேய்மானம். பிறகு கைடு ஷூவைப் பார்த்தார்; லைனர் ஒரு பக்கம் தேய்ந்து, கையால் தள்ளினாலே கேபின் ஆடியது. ஸ்ட்ரெச்சரை ஒரு சுவர் ஓரமாகத் தள்ளி நிறுத்தி, இரண்டு பேர் அதே பக்கம் நின்றால் கேபின் சாய்கிறது. சாய்ந்த கேபினின் வேன், தாண்டிப் போகும்போது ரோலரை உரசுகிறது. லாக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறது, காண்டாக்ட் திறக்கிறது, பிரேக் பிடிக்கிறது. லைனரை மாற்றி இடைவெளியைச் சரி செய்ததும் தொல்லை தீர்ந்தது. கழற்றி எறிந்த காண்டாக்ட்டுகளில் எந்தக் கோளாறும் இருந்திருக்காது. கதவின் பூட்டு உண்மையாகவே தூக்கியது. காண்டாக்ட் அதைச் சொன்னது, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது, ஜம்பர் அங்கே இடத்தைத் தவறாகக் காட்டவில்லை. இரண்டாவது மாடி லாக் என்றது, அது சரிதான். இடம் சரியாக இருந்ததால்தான் அத்தனை பேரும் ஏமாந்தார்கள். இன்னொரு கோணத்தையும் நினைத்துப் பார்க்கலாம். காண்டாக்ட் மாற்றியும் பிழை தீராத எரிச்சலில், "டைரக்ட் பண்ணிவிட்டுப் போ, நாளைக்குப் பார்க்கலாம்" என்று யாராவது அந்த வயரை அங்கேயே விட்டிருந்தால்? ஓடும் கேபின் ரோலரைத் தட்டித் தட்டி லாக்கைத் திறக்கும், லிஃப்ட்டும் நிற்காது. அந்த மாடியில் கதவில் சாய்ந்து நிற்கும் ஒரு பிள்ளைக்கும் குழிக்கும் நடுவே பூட்டு என்று ஒன்று இருக்காது.

இந்த 'டைரக்ட்' பழக்கம் எங்கே பிடித்தது என்று எங்கள் கரிசல்காட்டுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர் அடிக்கடி தட்டிவிடுகிறதென்றால், கரண்டில் ஒரு ஃபேஸ் போய்விட்டது என்று அது சொல்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு வயரில் டைரக்ட் கொடுத்து, கன்டென்சர் போட்டு டூ ஃபேஸில் ஓட்டுவதைச் சாமர்த்தியம் என்போம். பயிர் காய்கிற அவசரத்தில் அதைத் தப்பு என்று சொல்ல வாய் வராது. காயில் கருகி மோட்டாரை ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிப்போகும்போது, "கம்பெனி மோட்டார் சரியில்ல அண்ணாச்சி" என்போம். கிணற்றடியில் இந்தச் சாமர்த்தியத்துக்கு விலை ஒரு காயில். அதே கை சென்னைக்குப் போய் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் பேனலைத் திறக்கிறது.

ஜம்பரின் இன்னொரு குறை, அதற்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில்தான் தெரியும். எவ்வளவு என்று அது சொல்லாது. இன்புட் பழுதுகளில் பாதி இந்த 'எவ்வளவு'க்குள்தான் ஒளிந்திருக்கிறது. 24 வோல்ட் புறப்பட்டு, போர்டின் டெர்மினலில் 14 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்றால், நடுவில் ஏதோ ஒன்று 10 வோல்ட்டைச் சாப்பிடுகிறது: பச்சை பூத்த காண்டாக்ட், தளர்ந்த ஸ்க்ரூ, இழை இழையாக அறுந்துவரும் ட்ராவலிங் கேபிள். எல்இடி மங்கலாக எரியும். போர்டு ஒரு சமயம் ஒப்புக்கொள்ளும், ஒரு சமயம் மறுக்கும். ஜம்பர் போட்டால் எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும், 10 வோல்ட் போன கணக்கும் அதோடு மறைந்துவிடும். மீட்டரின் இரண்டு முனையையும் சந்தேகப்பட்ட காண்டாக்ட்டின் இரு பக்கமும் வைத்து, சர்க்யூட் ஓட்டத்தில் இருக்கும்போதே அளந்தால் அந்தக் கணக்கு கைக்கு வந்துவிடும். எதையும் ஷார்ட் பண்ணவேண்டியதில்லை.

வேகத்தைக் காட்டி ஜம்பருக்கு வக்காலத்து வாங்குகிறவர்களுக்கும் இங்கேயே பதில் உண்டு. சேஃப்டி சர்க்யூட்டில் 16 காண்டாக்ட் என்று வைத்துக்கொள்வோம். மீட்டரின் ஒரு முனையைக் காமனில் வைத்து, மற்றதை நடு டெர்மினலில் வைக்கவேண்டும். வோல்ட் வந்தால் அறுப்பு அதற்கு அப்பால், வராவிட்டால் இப்பால். மிஞ்சிய பாதியை மறுபடி பாதி. நாலே அளவில் ஒற்றை காண்டாக்டுக்கு வந்துவிடலாம். பேனலில் டெர்மினல்களை வரிசையாக வெளியே எடுத்து வைத்திருப்பதே இதற்காகத்தான். சர்க்யூட் டயக்ராம் பெரும்பாலும் பேனல் கதவின் உட்புறத்திலேயே ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றாக வயரைச் சொருகிப் பார்ப்பவர் இதைவிடச் சீக்கிரம் முடிப்பார் என்று நான் நம்பமாட்டேன். டயக்ராம் படிக்கவேண்டியிருக்கிறது என்பதுதான் நிஜமான தடை.

மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. ட்ராவலிங் கேபிளில் ஒரு இழை அறுந்து தொங்கும். பக்கத்து இழையில் ஓடும் ஏசி அதில் தொற்றிக்கொள்ளும். டிஜிட்டல் மீட்டர் கரண்ட்டை உறிஞ்சாத ஜாதி, அதனால் அந்த வெறும் வயரில்கூட அறுபது எழுபது வோல்ட் காட்டி மயக்கும். பழைய ஆட்கள் சர்க்யூட் வோல்ட்டுக்கு ஏற்ற ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்திருப்பார்கள். அந்தப் பல்பு எரியாது. பொய் வோல்ட் அங்கேயே செத்துவிடும். 24 வோல்ட் இன்புட்டில் அந்த பல்பைக் கொண்டுபோய் வைக்கக்கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். இந்த அறிவை எந்த வீடியோவிலும் நான் பார்த்ததில்லை. சொல்லப்போனால் அந்தச் செல்போனுக்கே இங்கே நல்ல வேலை ஒன்று உண்டு: வந்து வந்து மறையும் பழுதுக்கு, இன்புட் எல்இடிகள் தெரியும்படி பேனல் முன்னால் அதை நிறுத்தி, ஸ்லோ மோஷனில் படம் பிடித்தால், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கணம் அணைந்து எரியும் விளக்கு எது என்று தெரிந்துவிடும்.

வயரே இல்லாத ஜம்பரும் உண்டு. சேஃப்டி சர்க்யூட்டின் ஒரு பக்கத்தை எர்த் செய்திருந்தால், மழைத் தண்ணீர் இறங்கியோ எலி கடித்தோ லைன் எர்த்தைத் தொடும்போது ஃபியூஸ் போய் லிஃப்ட் நின்றுவிடும். அது வடிவமைப்பு. "ஃபியூஸ் அடிக்கடி போகுது" என்று அந்த எர்த் லிங்க்கைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு ஒரு காண்டாக்டுக்கு முன்னால் ஓரிடமும் பின்னால் ஓரிடமும் எர்த் ஆனால், சுவரும் கைடு ரெயிலுமே அந்த காண்டாக்டுக்கு ஜம்பர் ஆகிவிடும். எந்தப் பேனலைத் திறந்து பார்த்தாலும் கண்ணுக்கு ஒரு வயரும் தட்டுப்படாது.

மறந்துபோன ஜம்பர் என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி நியூயார்க்கில் இருக்கிறது. 2011 டிசம்பர் 14 காலையில் மேடிசன் அவென்யூ 285ஆம் எண் கட்டடத்தில், வேலைக்கு வந்த ஒரு பெண் லிஃப்ட்டுக்குள் கால் வைத்தார். கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் மேலே கிளம்பியது. அவர் நசுங்கி இறந்தார். சற்று முன்புதான் அங்கே பராமரிப்பு வேலை நடந்திருந்தது. கதவின் சேஃப்டி சர்க்யூட்டைத் தாண்டிவிட ஒரு ஜம்பர் போட்டவர்கள், அதை எடுக்காமலே லிஃப்ட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள் என்று நகரத்தின் விசாரணை 2012இல் சொல்லியது. புதுசாக வேலைக்கு வந்த கிராமத்துப் பையன் கையில் நடந்த காரியமில்லை அது. உலகத்திலேயே லிஃப்ட் அதிகம் உள்ள நகரங்களில் ஒன்றில், உரிமம் பெற்ற நிறுவனத்தின் ஆட்கள் கையில் நடந்தது.

இனி, 'புது பேனல் பார்த்துக்கொள்ளும்' என்ற வாதம். அதில் பாதி உண்மை. 2014இல் வந்த ஐரோப்பியத் தரம் இஎன் 81-20, லாக் காண்டாக்ட்டுகளைத் தாண்டவேண்டிய அவசியம் வருவதை ஒப்புக்கொண்டு, அதற்கென பேனலிலேயே ஒரு பைபாஸ் சுவிட்ச் வைக்கச் சொன்னது. அதைத் திருப்பினால் சாதாரண ஓட்டம் அடியோடு நின்றுவிடும். இன்ஸ்பெக்‌ஷனிலோ எமர்ஜென்சி எலெக்ட்ரிக்கல் மோடிலோதான் நகர்த்த முடியும், கேபினில் சத்தம் கேட்கும், அடியில் விளக்கு மின்னும். மாடிக்கு வந்து கதவு திறக்கும்போது கதவுக் காண்டாக்ட்டுகளும் திறக்கின்றனவா என்று பேனல் சரிபார்க்கும். திறக்கவில்லையென்றால் லிஃப்ட்டை அடுத்த ஓட்டத்துக்கு விடாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் கொண்டுவந்த ஐஎஸ் 17900 தொகுப்பும் இதே வழியில் போகிறது. நல்லதுதான். ஆனால் இதை ஜம்பருக்கு நற்சான்றாகக் காட்டுவதுதான் வேடிக்கை. கைவயரின் ஆபத்தைப் பார்த்துத்தான் அதற்குப் பதிலாக ஒரு சுவிட்சைக் கண்டுபிடித்தார்கள். கேட் சுவிட்சும் மாடி லாக்கும் மட்டுமே அந்தச் சரிபார்ப்பின் எல்லை. ஃபைனல் லிமிட்டையோ கவர்னர் சுவிட்சையோ யாராவது டைரக்ட் பண்ணினால் அதற்குத் தெரியாது. நம் ஊர்களில் ஓடும் லிஃப்ட்டுகளில் பெரும்பங்கு இந்தத் தரத்துக்கு முந்தியவை. ரிலே பேனல் இன்னும் ஓடும் கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஜம்பரைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கருவிதான் உண்டு, போட்டவருடைய ஞாபகம்.

சேஃப்டி சுவிட்சுக்கு இணையாக எந்த மின்கருவியையும் இணைக்கக்கூடாது என்பது ஐரோப்பியத் தரத்தில் நெடுநாளாகவே உள்ள விதி. தளத்தில் லெவல் பண்ணுவது போன்ற சில விலக்குகளை அதுவே சொல்லியிருக்கிறது. ஒரு சாண் வயர் அந்த விதியை உடைக்கிறது. அதை உடைப்பதைத்தான் நாம் கைராசி என்கிறோம்.

நம் மாநிலத்துக்குச் சட்டம் இல்லாமலும் இல்லை. தமிழ்நாடு லிஃப்ட்டுகள் சட்டம் 1997இலேயே வந்தது. மின் ஆய்வுத்துறை உரிமம் தருகிறது, ஆய்வு செய்கிறது. ஆய்வாளர் வரும் நாளில் சுவிட்சுகள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பார். நடுவில் வருஷம் முழுவதும் பழுது எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதைப் பார்க்க ஆள் இல்லை. சர்வீஸ் புத்தகங்களைப் புரட்டினால் பக்கம் பக்கமாக ஒரே வாசகம்: 'செக் செய்து லிஃப்ட் ஓடவிடப்பட்டது.' எதைச் செக் செய்தார், என்ன கண்டார், எது தேய்ந்திருந்தது, ஒன்றும் கிடையாது. மறுபடி வரும் மெக்கானிக் மறுபடியும் முதலிலிருந்து வயரைச் சொருகுகிறார். தொழிற்பயிற்சி நிலையங்களில் லிஃப்ட், எஸ்கலேட்டர் மெக்கானிக் என்று ஒரு பாடப்பிரிவே இருக்கும் நாட்டில், ஒரு பழுதை நான்கு வரியில் எழுதும் பழக்கம் வரவில்லை என்றால் அந்தக் குறையைப் பையன்கள் மேல் மட்டும் போடமுடியாது. 'ஓடுதா, இல்லையா' என்று மட்டும் கேட்டுக் காசு கொடுக்கிற நாமும்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம்.

ஆகவே கட்டடச் செயலாளர்களுக்கும் ஆஸ்பத்திரி மேனேஜர்களுக்கும் ஜவுளிக்கடை முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை லிஃப்ட் சரியாகிவிட்டது என்று புத்தகத்தை நீட்டினால், எந்த காண்டாக்ட், எத்தனை வோல்ட் இருந்தது, ஏன் போனது என்று கேளுங்கள். எத்தனை ஜம்பர் போட்டீர்கள் தம்பி, அத்தனையும் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா என்று எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். பதில் புத்தகத்தில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.